தேதி இல்லாத மரணங்கள்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் படிவம் நிரப்புவது எப்படி என்று நான் சொல்லித்தரப் போவதில்லை. அதற்கு ரெக்கார்டு அறையில் பாய் இருக்கிறார். தப்பாக நிரப்பினால் அவரே உங்கள் மேசைக்கு வந்து கனைப்பார். முப்பது வயதுகூட ஆகாத ஒருத்தி பணி அனுபவம் எழுத உட்கார்ந்துவிட்டாளே என்று சிரிக்கவும் வேண்டாம். ஏழு வருஷம் இந்த வேலையில் அலைந்துவிட்டு, அடுத்த மாதம் புள்ளியியல் படிக்கச் சென்னைக்கு ரயிலேறுகிறேன். ஆகவே இந்த நாற்காலியைப் பொறுத்தவரை நான் ஓய்வு பெற்றவள்தான். தெளிவு பெற்றவள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

நம் வேலையை ஊரில் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாது. நோயாளி ஆஸ்பத்திரியை விட்டுப் போன பிறகு ஆள் இருக்கிறாரா, இருந்தால் எப்படி இருக்கிறார் என்று வருஷக்கணக்கில் விசாரித்துக்கொண்டே இருப்பது. "அதுக்கு ஒரு ஆபீஸு, அதுக்கு ஒரு பி.எஸ்ஸி. கணக்கா?" என்று என் சொந்தச் சித்தப்பாவே கேட்டார். என் அம்மா நர்ஸ் என்பதால் நானும் நர்ஸ் என்று சிலர் நினைத்தார்கள். குடையும் கைப்பையுமாக நடப்பதால் கிராமங்களில் எல்லோரும் என்னை டீச்சர் என்றார்கள். நானும் திருத்தவில்லை.

நான் சேர்ந்த காலத்தில் பெரிய டாக்டரம்மாவுக்கு ஒரே கேள்விதான். கன்னத்துப் புற்றுக்கு ரேடியம் ஊசிகளைக் குத்திவைத்துச் சுட்டு எடுப்பது நல்லதா, கத்தி வைத்துத் தாடையோடு வெட்டி எடுப்பது நல்லதா? நம் பக்கம் கன்னத்துப் புற்றுக்குக் குறைவே இல்லை. பட்டாசுக் கம்பெனிக்குள் பீடி பற்றவைக்க முடியாது. மடியில் தீப்பெட்டி இருந்தாலே வாசலில் நிறுத்திவிடுவார்கள். புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டால் யாரும் கேட்க மாட்டார்கள். காலையில் அடக்கியது சாயங்காலம் வேலை விடும்வரை அங்கேயே ஊறும்.

சிலருக்கு ரேடியம், சிலருக்குக் கத்தி. மூன்று வருஷம் கழித்து யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் அடுத்து வருகிறவருக்கு எதைச் சொல்வது என்று தெரியும். தாடையை எடுத்துவிட்டால் சாப்பிடுவதும் போச்சு, பேச்சும் போச்சு, முகமும் போச்சு.

"வைத்தியம் பாத்தது நான். அது சரியா தப்பான்னு பதில் சொல்றது அவங்க. அந்தப் பதில வாங்கிட்டு வர வேண்டியது நீ" என்றார் டாக்டரம்மா, நான் சேர்ந்த முதல் நாளே. அப்படியே ஓடிப்போய்ப் பதில் வாங்கி வர வேண்டும் போல இருந்தது.

பதில் வாங்க அப்போது நம்மிடம் இருந்தது தபால் கார்டுதான். ஒன்றில் நாம் கேட்போம். பதில் எழுதிப் போட இன்னொன்று கூடவே ஒட்டியிருக்கும். அனுப்பினால் பெரும்பாலும் பதில் வராது. ஏன் வரவில்லை என்று நான் யோசித்த யோசனை என்ன தெரியுமா? கார்டு பார்க்க நன்றாக இல்லை! மங்கிய ஊதா மையில், கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் இருந்தது. ஊருக்கெல்லாம் லேபிள் அடித்து அனுப்புகிற சிவகாசி பக்கத்திலேயே இருக்கும்போது நமக்கு இப்படி ஒரு கார்டா? அன்றைக்கே பஸ் ஏறினேன்.

பட்டாசு லேபிள் அடிக்கிற ஒரு அச்சகத்து அண்ணாச்சி நான் கொண்டுபோன கார்டை விரல் நுனியில் பிடித்துப் பார்த்தார்.

"இதக் கறுப்புல அடிச்சா எழவுக் கடுதாசின்னு ஓரமாப் போட்டுருவான் டீச்சர். செவப்புல அடிங்க. சரவெடி லேபிளுக்குக் கலக்குன மை நெறயாக் கெடக்கு. பஸ்ஸுல போறவன்கூட வாசிச்சுட்டுப் போவான்."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். சந்தோஷமாகத் தலையாட்டினேன். கார்டின் முகப்பில் கட்டை விரல் தடிமனில் 'புற்றுநோய் சிகிச்சைப் பிரிவு' என்று சிவப்பு எழுத்து. கீழே நோயாளியின் பெயர். பெயர் போட்டு ஒட்டிய பதில் கார்டில் 'நலம்', 'நலமில்லை', 'இறந்துவிட்டார்' என்று மூன்று கட்டங்கள். ஒன்றில் கோடு போட்டால் போதும். இறந்திருந்தால் தேதி எழுத ஒரு கட்டம். இவ்வளவு சுலபமாகக் கேட்டால் யார்தான் பதில் எழுத மாட்டார்கள்?

எழுதினார்கள். கட்டுக்கட்டாக வந்தன பதில்கள். தபால்காரர் சணலால் கட்டிக் கொண்டுவந்து போட்ட அன்று ரெக்கார்டு அறையில் நான் ஒரு சுற்று சுற்றி ஆடியதைப் பாய் இன்னமும் சொல்லிக்காட்டுவார். ஆட்டம் முடிந்து பிரித்து அடுக்கினேன். இறந்துவிட்டார். இறந்துவிட்டார். நலம். இறந்துவிட்டார். எடுத்து வைக்க வைக்க என் கை மெதுவானது. இறந்தவர்களில் பெரும்பாலோர் ரேடியம் வைத்தவர்கள். தாடை எடுத்தவர்களோ ஒன்று பதிலே போடவில்லை, அல்லது நலம் என்று போட்டிருந்தார்கள்.

டாக்டரம்மா கார்டுகளின் பதில் பக்கத்தை மட்டும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நல்லா இருக்காங்கன்னு நெனச்சேன்" என்றார். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "அடுத்த மாசத்திலிருந்து கன்னத்துக்கு ரேடியம் வேண்டாம். எல்லாருக்கும் கத்திதான்."

நான் வேலையைச் சரியாகச் செய்து, டாக்டரம்மாவுக்குப் பதில் வாங்கிக் கொடுத்துவிட்டேன். பிறகு ஏன் சாப்பாடு இறங்கவில்லை என்று எனக்குப் புரியவில்லை.

பாய்தான் முதலில் கனைத்தார். விருதுநகரில் மிளகாய் மண்டி வைத்திருந்த குடும்பம். வியாபாரம் பிடிக்காமல் ஏடுகளோடு வந்து உட்கார்ந்தவர். காலிக் கட்டம் ஒன்றைப் பார்த்தால் அவருக்குப் பல்லில் நார் சிக்கியது போல.

"தேதி எங்க சிஸ்டர்?"

"எந்தத் தேதி பாய்?"

"செத்த தேதி. இந்தக் கார்டு எதுலயும் இல்லியே."

"மறந்திருப்பாங்க."

"எழவு விழுந்த நாள மறப்பாகளா? சர்ச்சுக்குப் போற உங்க ஆளுக கல்லறையிலயே வெட்டி வைக்கிறீக. நாங்க நாப்பதாம் நாள் ஓதுதோம். இந்து வீடுகள்ல பதினாறு, வருசத் தெவசம்னு அம்புட்டு இருக்கு. ஒரு வீட்டுல மறக்கலாம். இம்புட்டு வீட்டுலயுமா?"

"அப்படின்னா என்ன சொல்றீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லல. கட்டம் காலியா இருக்கு. போய்த் தேதி வாங்கிட்டு வாங்க."

அப்படித்தான் செத்தவர்களிடம் தேதி கேட்கப் போனேன். அடுக்கில் மேலே இருந்த கார்டு குருவம்மாள் என்று ஒரு பெண்ணுடையது. ஏழாயிரம்பண்ணை. ஆடி மாதம்; காற்று கரிசல் மண்ணை அள்ளிப் பஸ்ஸுக்குள் கொட்டியது. இறங்கி விசாரித்தேன். ஒரு வீட்டு வாசலில் நாற்பது வயது மதிக்கத்தக்க அம்மாள் ஒருத்தி பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருந்தாள். முந்தானையால் முகத்தில் பாதியை மூடியிருந்தாள். காற்றுக்காக என்று நினைத்துக்கொண்டேன்.

"குருவம்மாள் வீடு இதுதானே?"

"ஆமா, வாங்க. ஆரு நீங்க?"

"ஆஸ்பத்திரியிலிருந்து வர்றேன். அவங்க இறந்தது எந்தத் தேதின்னு கேட்டு எழுதிட்டுப் போகணும்."

குழாய் உருட்டுவது நின்றது. தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"எந்தத் தேதி எழுதினா உங்களுக்குத் தோதுப்படும்?"

"அதை நான் எப்படிம்மா சொல்றது?"

"நீங்கதான் படிச்சவுக. நல்ல நாளாப் பாத்து எழுதிக்கிடுங்க. செவ்வா, வெள்ளி வேண்டாம்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. சாவில் விளையாட்டா? அப்போது காற்று முந்தானையை இழுத்தது. இடது கன்னத்தில் ரேடியம் ஊசி குத்திய தழும்புகள், வரிசையாக. அந்த வரிசையை நான் கேஸ் ஷீட்டில் படமாகப் பார்த்திருக்கிறேன்.

"நீங்கதான் குருவம்மாளா?"

"சத்தம் போடாதீக. உள்ள வாங்க."

உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்தேன். உயிரோடு இருப்பதற்கு ஒரு மனுஷியை எப்படிக் கோபித்துக்கொள்வது? குருவம்மாளே சொன்னாள். மகளுக்கு அச்சங்குளத்தில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தது. பூ வைக்க வந்தவர்கள் வீட்டுக்குள் இருக்கும்போது தபால்காரர் வாசலில் நின்று, "இந்தா, புத்துநோய் ஆஸ்பத்திரியிலேருந்து கடுதாசி" என்று நம் சிவப்புக் கார்டைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். தெருவே தலைப்பை வாசித்துவிட்டது.

"எட்டு ஊருக்குத் தெரியிற மாரி எந்தப் புண்ணியவான் டீச்சர் அத அடிச்சது? அவன் வெளங்குவானா?"

நான் தண்ணீர் கேட்டேன்.

"பக்கத்து வீட்டுக்கு வந்ததுன்னு சொல்லிச் சமாளிச்சேன். அடுத்தாப்புல இன்னொண்ணு வந்தா கல்யாணம் நின்னுரும். அதான் கம்பெனிக் கணக்குப்பிள்ளையக் கூப்பிட்டுச் செத்துட்டான்னு கோடு போடச் சொன்னேன். செத்தவளுக்கு ஆரு கடுதாசி போடுவா? இது நல்ல வழியா இருக்கேன்னு கூட ரேடியம் வச்ச மத்தவுகளுக்கும் சொன்னேன்." சன்னல் வழியே கையைக் காட்டினாள். "அந்தா கொடத்தோட போறாகள்ல, அவுக செத்தவுக. வேப்ப மரத்துக்கிட்ட சைக்கிளுக்குக் காத்தடிக்காரே, அவரும் செத்தவருதான். நல்ல மனுசன்."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிற மாதிரி ஒரு நிலை. இவர்கள் எல்லாம் ரேடியம் வைத்தவர்கள். வீட்டுக்குத் திரும்பும்போது முகம் முகமாகவே இருந்தது. வெளியே சொல்லாமல் வாழ முடிந்தது. அதனால்தான் மறைக்க வேண்டியிருந்தது. தாடை எடுத்தவருக்கு மறைக்க என்ன இருக்கிறது? அவர் எதற்குப் பொய் சொல்லப் போகிறார்? நல்ல பலன் கிடைத்தவர்களாகப் பார்த்து நம் ஏட்டில் செத்திருக்கிறார்கள்! உடனே எழுந்து ஓடி டாக்டரம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று துடித்தேன். அப்போது குருவம்மாள் தானும் தண்ணீர் குடிக்கத் தலையை நிமிர்த்தினாள். தாடைக்குக் கீழே, கழுத்தில், கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி ஏறி இறங்கியது.

"அது எப்ப இருந்து?"

"பங்குனியில அம்மன் கோவில் பொங்கலுக்கு முந்தி."

நான் டாக்டர் இல்லை. ஆனால் புறநோயாளிப் பிரிவில் நின்று பார்த்திருக்கிறேன். விரலுக்கு நகர்கிற கட்டியை எடுத்துவிடலாம். ஒட்டிக்கொண்டுவிட்டால் டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டு பேச்சை மாற்றிவிடுவார். தொட்டுப் பார்த்தேன். நகர்ந்தது. இன்னும் எத்தனை நாள் நகரும் என்று யாருக்குத் தெரியும்? செத்தவள் என்று எழுதிக்கொண்டதால் யாரும் இவளைத் திரும்பக் கூப்பிட்டுப் பார்க்கவில்லை.

"நாளைக்கே வரணும்."

"ஆவணி கடைசியில கல்யாணம். முடிச்சுட்டு வாரேன்."

"அதுவரைக்கும் தாங்காதும்மா. நான் வேணும்னா மாப்பிள்ளை வீட்டுல பேசிப் பார்க்கிறேன். இது ஒட்டுற நோய் இல்லைன்னு எடுத்துச் சொன்னா..."

"பேசுங்க. பேசிட்டு இப்படியே வாங்க. அப்புறம் நெசமாவே ஒரு தேதி தாரேன், எழுதிக்கிடலாம்."

அவள் சிரிக்கவில்லை. பிறகு அவள்தான் ஒரு வழி சொன்னாள்.

"குருவம்மா செத்தது செத்ததாவே இருக்கட்டும். நான் அவ தங்கச்சி சீனியம்மான்னு வாரேன். ஊருல சொத்தப் பல்லு எடுக்கப் போறேன்னு சொல்லிக்கிடுதேன். நீங்க காட்டிக் குடுக்காம இருப்பீகளா?"

"இருப்பேன்" என்றேன். சட்டென்று. எவ்வளவு புத்திசாலித்தனமான வழி என்று வேறு தோன்றியது. பைபிள் மேல் வைக்காத குறையாக அவள் கையில் கை வைத்துச் சொன்னேன்.

சாத்தூர் வரும்வரை பஸ்ஸில் எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டு வந்தேன். அதற்கப்புறம்தான் மண்டைக்குள் ஒவ்வொன்றாக இடிக்க ஆரம்பித்தது. குருவம்மாள் செத்தவள் என்றால் ரேடியம் தோற்றதாகவே இருக்கும். அடுத்த மாதம் வருகிறவர்களுக்குத் தாடை போகும். சரி, மற்ற செத்தவர்களையாவது உயிர்ப்பிக்கலாம் என்றால், எப்படித் தெரிந்தது என்று டாக்டரம்மா கேட்பார். குருவம்மாள் பெயரைச் சொல்லாமல் அதை எப்படிச் சொல்வது? சொன்னால் வாக்குத் தவறியவள். இது போதாது என்று எல்லாவற்றுக்கும் மூலம் நான் அடித்த சிவப்புக் கார்டு. அதையும் சொல்ல வேண்டும். எது பெரிய தப்பு, எது சின்னத் தப்பு என்று பிரிக்கத் தெரியவில்லை. கணக்கு படித்தவளுக்கு எதை எதிலிருந்து கழிப்பது என்றே விளங்கவில்லை.

மறுநாள் பாயிடம் போனேன். "பாய், ஒரு விஷயம்..."

"தேதி கிடைச்சுதா?"

"இல்ல. ஆனா..."

அவர் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார்.

"எனக்குச் சொல்லாதீக சிஸ்டர். எனக்குத் தெரிஞ்சா நான் ஏட்டுல எழுதியாகணும். எழுதக்கூடாதுன்னு இருக்கிறத என்கிட்ட ஏன் கொண்டுவாறீக? சொல்லணும்னா அந்தா அந்த ரூமுக்குப் போங்க." டாக்டரம்மாவின் கதவைக் காட்டினார்.

நான் போகவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று நான்கு நாள் தள்ளிப் போட்டேன். ஐந்தாம் நாள் குருவம்மாள் வந்துவிட்டாள். கையில் ஒரு பை, தலையில் நிறைய கனகாம்பரம், பெயர் சீனியம்மாள். புதுச் சீட்டு, புது நம்பர்.

டாக்டரம்மா கட்டியைத் தொட்டார். நகர்த்தினார். "இது நல்ல சமயம். வர்ற செவ்வாய்க்கிழமை எடுத்துடலாம்" என்றார். எனக்கு மூச்சு வந்தது. பிறகு கன்னத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். "இது என்ன தழும்பு?"

"சின்ன வயசுல தீ சுட்டது" என்றாள் குருவம்மாள்.

"எங்கேயாவது ரேடியம், கரண்டு ஏதாவது வச்சாங்களா?"

"இல்லீக."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கழுத்துல கத்தி வைக்கப் போறேன்."

"இல்லவே இல்லீக."

டாக்டரம்மா எழுதப் போனார். நான் சுவரோரம் நின்றேன். ரேடியத்தில் ஒரு தடவை வெந்த தோல் கத்தி பட்டால் மற்றத் தோல்போல ஆறாது, தையல் பிடிக்காமல் பிரிந்துவிடும். அதற்குத் தகுந்தபடி வேறு இடத்தில் அறுக்க வேண்டும் என்று இதே அறையில் அவர் இளைய டாக்டர்களுக்குச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். எங்கே எவ்வளவு ரேடியம் வைத்தது என்பது முழுக்க ஒரே இடத்தில்தான் இருந்தது: செத்துப்போன குருவம்மாளின் கேஸ் ஷீட்டில். நான் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினால் அது அலமாரியிலேயே கிடக்கும்.

யோசித்து முடிவெடுத்தேன் என்று சொல்ல ஆசைதான். பொய். வாய் தானாகத் திறந்தது.

"வச்சிருக்கு டாக்டர். இங்கதான். இவங்க பேரு குருவம்மாள்."

குருவம்மாள் என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன். பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். "டீச்சர்னு நம்புனேன்" என்றாள்.

டாக்டரம்மா எழவில்லை, குரலும் உயரவில்லை. "போறதுன்னா போங்கம்மா. உங்க பேரு எனக்கு வேண்டாம். ஆனா அந்தத் தோலுக்கு நான் என்ன செஞ்சேன்னு தெரியாம கத்தி வச்சிருந்தா, பொண்ணு கல்யாணத்தன்னிக்குப் புண்ணு திறந்து கிடந்திருப்பீங்க. எதுக்கு ஒளிச்சீங்க?"

"கார்டு" என்றாள் குருவம்மாள், கதவைப் பிடித்துக்கொண்டே.

"என்ன கார்டு?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். கைப்பையில் எப்போதும் இரண்டு மூன்று வைத்திருப்பேன்; பெருமைக்கு. ஒன்றை எடுத்து மேசையில் வைத்தேன். டாக்டரம்மா அதன் முகப்பை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தார். தலைப்பை வாசித்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடி தலைப்பை வாசித்தார்.

"இது என் வீட்டுக்கு வந்திருந்தா நானும் செத்துட்டேன்னுதான் எழுதியிருப்பேன்" என்றார்.

குருவம்மாள் கதவை விட்டாள். சிரித்தாளா, விம்மினாளா என்று தெரியவில்லை, முந்தானை மறைத்துவிட்டது. திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். என் பக்கம் பார்க்காமல், "இனி கடுதாசி வந்தா கெணத்துல விழுவேன், சொல்லிட்டேன்" என்றாள்.

"வராது" என்றேன். "நானே வர்றேன். டீச்சராவே வர்றேன்."

"நீங்க வந்த வரைக்கும் போதும் தாயி."

பழைய கேஸ் ஷீட்டை எடுத்துப் படத்தைப் பார்த்து, வெந்த இடத்தைத் தாண்டி அறுத்து, கட்டியை எடுத்தார்கள். ஆறியது. ரேடியத்தை நிறுத்துகிற முடிவைத் தள்ளிவைத்தார்கள். மிச்சமிருந்த சிவப்புக் கார்டுகளைப் பாய் அடுப்பெரிக்க வீட்டுக்கு எடுத்துப் போனார். நான் தேதியில்லாத ஒவ்வொரு வீட்டுக்கும் நடந்தேன். சிலர் நிஜமாகவே இறந்திருந்தார்கள். தேதியைக் கேட்டதும் சொன்னார்கள். சிலர் எதிரே உட்கார்ந்து மோர் கொடுத்தார்கள். இன்னும் ஒரு குழப்பம். 'நலம்' என்று கோடு போட்டிருந்த விஸ்வநத்தத்து வீடு ஒன்றில் ஆள் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. "அதுல கோடு போட எனக்குக் கை வரல" என்றார் அவருடைய அப்பா. அதற்குப் பிறகு நலம் என்று எழுதிய வீடுகளுக்கும் நடந்தேன்.

இவ்வளவுக்கும் பிறகு டாக்டரம்மாவின் கேள்விக்குப் பளிச்சென்று ஒரு பதில் கிடைத்திருக்கும் என்று எதிர்பார்ப்பீர்கள். கிடைக்கவில்லை. சிலருக்கு அது, சிலருக்கு இது என்றுதான் இன்றைக்கும் போய்க்கொண்டிருக்கிறது. குருவம்மாளுக்கு ரேடியமும் வைத்தாயிற்று, கத்தியும் வைத்தாயிற்று என்பதால் அவளை இரண்டு பட்டியலிலும் சேர்க்க முடியாது என்று விலக்கிவிட்டார்கள். நான் சண்டை போட்டேன். என் கண் முன்னால் நம் ஆஸ்பத்திரிக்கு வந்து பிழைத்தவள் அவள்; அவளே கணக்கில் இல்லை என்றால் எப்படி? "கணக்குல இல்லாம இருக்கறதுதான் இப்போதைக்குச் சரி" என்றார் டாக்டரம்மா. அது சரி என்று என் கணக்குப் படிப்பு சொல்கிறது. மனசு இன்னமும் ஒத்துக்கொள்ளவில்லை. அதைப் படித்துத் தெரிந்துகொள்ளத்தான் சென்னைக்குப் போகிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

உங்களுக்கு நான் சொல்ல நினைத்தது இதுவரைக்கும்தான். ஆனால் கல்யாணத்தைச் சொல்லாமல் விட்டால் குருவம்மாளுக்குக் கோபம் வரும்.

ஆவணிக் கடைசி முகூர்த்தம். என்னை டீச்சர் என்று சொல்லி முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். குருவம்மாள் கழுத்துத் தையலின் மேல் முந்தானையைச் சுற்றிக்கொண்டு, பல் எடுத்த இடத்தில் சீழ் வைத்துவிட்டது என்று எல்லோரிடமும் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டு சுற்றி வந்தது. குருவம்மாள் எடுக்காமல் அடுத்த ஆளுக்குத் தள்ளினாள். எனக்குக் காரணம் தெரியும். அவளுக்கு நாலு ஆள் தள்ளி மாப்பிள்ளையின் அம்மா. அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனியில் பத்து வருஷமாகத் திரி வெட்டுகிறவள். அவளும் எடுக்காமல் தள்ளினாள். வாயை முழுக்கத் திறக்காமல், உதட்டை மட்டும் அசைத்துச் சிரித்தாள்.

நான் கை கழுவப் போன இடத்துக்கு மாப்பிள்ளையின் அம்மா பின்னாலேயே வந்தாள்.

"நீங்க டீச்சர் இல்லல்ல?"

தாலி கட்டியாகிவிட்டது என்றாலும் பெண் இன்னும் மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பவில்லை.

"பயப்படாதீக. சம்மந்தியம்மா நோவு பூ வைக்க வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும். அந்தச் செவப்புக் கடுதாசிய அவுக பக்கத்து வீட்டுதுன்னாக. அதுல பேரு இருந்துச்சே. எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும்."

"தெரிஞ்சுமா சம்மதிச்சீங்க?"

"நல்ல புள்ளைக. நல்ல வேலக்காரக் குடும்பம்." சுற்றிலும் பார்த்துவிட்டு வாயைத் திறந்து வலது கன்னத்தை விரலால் ஒதுக்கிக் காட்டினாள். உள்ளே வெள்ளையாக, ஓரம் தடித்து, ஒரு புண். "மாசி மாசத்துலேருந்து ஆறல. காரம் பட்டா உசுரு போகுது. சம்மந்தியம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீக. பொண்ணக் குடுத்த எடத்துல இப்படியான்னு வருத்தப்படுவாக."

பந்தலில் குருவம்மாள் என்னைத் தேடிக்கொண்டிருந்தாள். அவளிடம் இதைச் சொன்னால் இவளுக்குத் துரோகம். சொல்லாவிட்டால், ஒருத்திக்கொருத்தி துணையாக ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருக்கக்கூடிய இரண்டு பேர் தனித்தனியாகப் பயந்துகொண்டிருப்பார்கள். முன்புபோல் உடனே வாக்குக் கொடுக்க எனக்குத் துணிவில்லை.

"சொல்ல வேண்டாம்னா நான் சொல்லல. ஆனா நீங்களே அவங்ககிட்டச் சொல்லிடுங்கம்மா. வழி அவங்களுக்கு என்னைவிட நல்லாத் தெரியும்" என்றேன்.

பந்தலைப் பார்த்தாள். முந்தானையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டாள். பிறகு குருவம்மாள் இருந்த பக்கம் மெதுவாக நடந்து போனாள். பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ சொன்னாள். நாதஸ்வரத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. குருவம்மாள் அவள் முகத்தைத் திருப்பி, இரண்டு விரலால் தாடையைப் பிடித்து, டாக்டரம்மா செய்கிற மாதிரியே வெளிச்சத்துக்குக் காட்டி வாய்க்குள் பார்த்தாள். பார்த்துவிட்டு, கூட்டத்துக்கு நடுவில் என்னைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டாள்:

"டீச்சர், திங்கக்கெழம எத்தன மணிக்குச் சீட்டுக் குடுப்பாக?"